இலக்கத்தின் இடம்: ஒரு வரலாற்று நோக்கு

கடன் சீட்டில் 50 என்று எழுதியிருக்கிறது. அதன் வலப்புறம் ஒரு சிறு சுழியைச் சேர்த்துவிட்டால் அது 500 ஆகிவிடும். கைநாட்டு வைத்தவனுக்கோ 50க்கும் 500க்கும் வேறுபாடு தெரியாது. எழுத்தறியாத உழைப்பாளியை ஏமாற்ற இதைவிட எளிய வழி வேறில்லை. ஒன்று, பத்து, நூறு என்னும் இடமதிப்பைக் குழந்தைகட்குக் கற்பிப்பது வெறும் பாடமன்று. நம் சமுதாயத்திற்கு அது ஒரு பாதுகாப்பு. அதன் வரலாற்றை நம் இளைஞர் அறிதல் நலம் எனக் கருதி இக்கட்டுரையை வரைகின்றோம்.

பழந்தமிழர் எண்களை எழுதிய முறையில் சுழியம் இல்லை. பத்துக்கு ௰, நூற்றுக்கு ௱, ஆயிரத்திற்கு ௲ எனத் தனித்தனிக் குறிகள் இருந்தன. ஐம்பதை ௫௰ என்றும், ஐந்நூற்றை ௫௱ என்றும், முந்நூற்று ஐந்தை ௩௱௫ என்றும் எழுதினர். வாயால் சொல்வதை அப்படியே எழுதும் முறை இது.

ஒன்பது இலக்கங்களையும் ஒரு சுழியத்தையும் கொண்டு, நிற்கும் இடத்தாலேயே மதிப்பைக் காட்டும் முறையும் இந்திய மண்ணில் வளர்ந்ததே. சுழியத்தை வைத்துக் கணக்கிடும் விதிகளைப் பிரம்மகுப்தர் கி.பி. 628இல் வகுத்தார். குவாலியர்க் கோயில் கல்வெட்டொன்றில் (கி.பி. 876) 270 என்னும் எண் சுழியத்துடன் பொறிக்கப்பட்டுள்ளது. அரபு அறிஞர் வழியாக இம்முறை மேற்கே சென்றது. இத்தாலியர் ஃபிபொனாச்சி 1202இல் அதனை விளக்கி நூல் எழுதினார். ஆயினும் ஃபிளாரன்சு நகர நாணய மாற்று வணிகர் சங்கம் 1299இல் கணக்கேடுகளில் இவ்விலக்கங்களை எழுதலாகாது எனத் தடுத்தது. இலக்கத்தை எளிதில் திருத்திவிடலாம் என்ற அச்சமே காரணம் என்பர். இன்றும் வங்கிக் காசோலையில் தொகையை எண்ணாலும் எழுத்தாலும் எழுதுகிறோம் அல்லவா? அதன் பயன் இப்போது விளங்கும்.

தமிழ்நாட்டுத் திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதினர். எண்சுவடியை மனப்பாடம் செய்தனர். முந்திரி (1/320), காணி (1/80), மாகாணி (1/16) என நுண்ணிய பின்னங்கள் வரை வாய்ப்பாடு இருந்தது. சென்னை எழும்பூர் ஆண் அநாதைச் சாலையை நடத்திய ஆண்ட்ரூ பெல், நாட்டுப் பள்ளியில் கண்ட மணலெழுத்தைத் தம் பள்ளியிலும் புகுத்தினார்; அம்முறை பற்றி 1797இல் இலண்டனில் நூல் வெளியிட்டார். நம் மண்ணின் கல்விமுறை கடல் கடந்து சென்றது. ஆனால் அத்திண்ணையில் ஏற நம் சேரிப் பிள்ளைக்கு இடம் இல்லை. வயலில் நெல்லை அளந்தவர் நம்மவர். கணக்கை எழுதியவர் வேறொருவர்.

இதன் விளைவை 1891இல் செங்கற்பட்டு ஆட்சியர் ட்ரெமென்ஹீர் தம் அறிக்கையில் அரசுக்கு எடுத்துரைத்தார். சிறு கடனுக்காகப் படியாட்கள் நிலக்கிழாரிடம் கட்டுண்டு கிடந்த நிலையை அதில் காணலாம். 1894இல் கர்னல் ஆல்காட் அடையாற்றில் நம் பிள்ளைகட்கு இலவசப் பள்ளி தொடங்கினார். 1916இல் சுவாமி சகசானந்தர் சிதம்பரத்தில் நந்தனார் பள்ளியை நிறுவினார். கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976இல் வந்தது. சட்டம் வந்த பின்னும், செங்கற்சூளையிலும் அரிசி ஆலையிலும் முன்பணக் கணக்கைப் படிக்கத் தெரியாதவனுக்கு விடுதலை முழுமையாகாது.

இனி, நம் வட்டாரத்தை நோக்குவோம். திருத்தணிப் பகுதி 1960 ஏப்ரல் முதல் நாள் ஆந்திரத்திலிருந்து நம் மாநிலத்துடன் இணைந்தது. கனகம்மாசத்திரத்தைச் சுற்றிய ஊர்களில் தமிழும் தெலுங்கும் கலந்தே ஒலிக்கின்றன. 900ஐத் தெலுங்கர் ‘தொம்மிதி வந்தலு’, அதாவது ஒன்பது நூறு என்கின்றனர். தமிழில் அது தொள்ளாயிரம். பெயரில் ஆயிரம் ஒலிக்கிறது. 90 தொண்ணூறு, அதில் நூறு ஒலிக்கிறது. எண்பது வரை சரியாக எழுதிய குழந்தை இங்கே தடுமாறினால் அதனை மந்தபுத்தி எனல் தகாது. தடுமாற்றம் சொல்லிலேயே உள்ளது.

‘முந்நூற்று ஐந்து’ எழுதச் சொன்னால் 3005 என எழுதும் குழந்தைகளும் உண்டு. 300ஐ எழுதிப் பக்கத்தில் 5ஐ எழுதுகிறது. இது நம் முன்னோர் ௩௱௫ என எழுதிய அதே வழியன்றோ? உலகம் பல நூற்றாண்டுகளில் கடந்த படியைக் குழந்தை ஓராண்டில் கடக்க வேண்டியுள்ளது. அடியும் வசையும் அதற்கு உதவா, ஈர்க்குச்சி உதவும்.

பத்துக் குச்சிகளைக் கட்டினால் ஒரு கட்டு. பத்துக் கட்டுகளைச் சேர்த்தால் ஒரு பெருங்கட்டு. தரையில் சுண்ணக்கட்டியால் மூன்று கட்டங்கள் வரைக. முந்நூற்று ஐந்துக்கு முதற் கட்டத்தில் மூன்று பெருங்கட்டுகள், கடைசியில் ஐந்து உதிரிக் குச்சிகள். நடுக்கட்டம் வெறுமை. அவ்வெறுமைக்கு உரிய அடையாளமே சுழி எனக் குழந்தை கண்ணாலேயே கண்டுகொள்ளும். 42இலிருந்து 17ஐக் கழிக்கும்போது ‘கடன் வாங்கு’ என்கிறோம். உண்மையில் அங்கே கடன் ஏதுமில்லை. ஒரு கட்டை அவிழ்த்துப் பத்து உதிரிகளாக்குகிறோம், அவ்வளவே. கடனால் நொந்த குடும்பத்துப் பிள்ளைக்கு இவ்வுண்மையைச் செய்து காட்டுதல் இன்றியமையாதது.

அரசின் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் 2022 ஜூன் மாதம் நம் திருவள்ளூர் மாவட்டத்து அழிஞ்சிவாக்கத்தில்தான் தொடங்கப்பட்டது. பொருள்களைக் கையாண்டு கற்றலே அதன் வழி. ஆயினும் பள்ளி மணி அடித்த பின்பு வீட்டில் துணை நிற்பவர் யார்? படித்த இளைஞரே, அப்பொறுப்பு உங்களுடையது. மாலையில் ஒரு மணி நேரம், ஒரு கட்டு ஈர்க்குச்சி, தெருவிளக்கின் அடியில் ஐந்து குழந்தைகள் இருந்தால் போதும். அக்குழந்தைகளின் பெற்றோரையும் அருகில் அமர்த்துங்கள். தம் கூலிச்சீட்டைத் தாமே படித்து, சேர்க்கப்பட்ட ஒரு சுழியையும் கண்டுபிடிக்கும் தலைமுறை நம் தெருக்களில் எழுவதே இவ்வெள்ளி விழாவிற்கு நாம் தரத்தக்க காணிக்கையாகும்.