இந்திய உணவுச் சேர்மான அட்டவணைகள்

இந்திய உணவுச் சேர்மான அட்டவணைகள் என்பவை இந்திய உணவுப் பொருட்களிலுள்ள ஊட்டச்சத்துகளின் அளவுகளைத் தரும் தொகுப்பாகும். நீலகிரி மாவட்டத்தின் குன்னூரில் இயங்கிய ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்திலிருந்து ஐக்ராய்ட் 1937 இல் வெளியிட்ட சிற்றேடு இதன் முன்னோடியாகும். அக்கூடம் 1958 இல் ஐதராபாத்துக்கு மாற்றப்பட்டு, 1969 இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் எனப் பெயர் பெற்றது.

2017 பதிப்புக்காக நாட்டின் ஆறு மண்டலங்களிலிருந்து மாதிரிகள் திரட்டப்பட்டு, 528 உணவுகளில் 151 கூறுகள் தொகுக்கப்பட்டன. இவை பெரும்பாலும் சமைக்காத பொருட்களே. இட்லி, சாம்பாரைத் தேடுவோர் ஏமாறுவர்.

ஒரே கீரையின் சத்தும் மண், இரகம், பருவம் ஆகியவற்றுக்கேற்ப மாறும். ஆகவே அயல்நாட்டு எண்களைக் கொண்டு நோயாளிக்கு உணவு வகுத்தால் கணக்குப் பிழைக்கலாம். எனினும் பகுப்பாய்வுக்குச் செலவு மிகுதி. அண்டை நாடுகள் தரவைப் பகிர்வது இதனாலேயே. இதற்கென 1984 இல் தொடங்கப்பட்ட இன்ஃபூட்ஸ் வலையமைப்பில் வட்டாரப் பிரிவுகள் உள்ளன. மாவுச்சத்தை ஒரு நாடு நேரடியாக அளந்தும், மற்றொன்று பிற கூறுகளைக் கழித்தும் கணக்கிட்டால், அவ்விரு எண்களையும் ஒப்பிட இயலாது.