தண்ணீர் யார் கையில்? பாலைவன நெடுஓட்டத்தின் வரலாறு

பாலைவனத்தில் நூறு, இருநூறு கிலோமீட்டர் ஓடுபவர்களைப் பற்றிய எழுத்துகளில் மனவுறுதி என்ற சொல் சலிப்பூட்டும் அளவுக்கு வருகிறது. மனவுறுதிக்கு எந்தக் காலத்திலும் பஞ்சம் இருந்ததில்லை. கடந்த நூறாண்டுகளில் மாறியவை தண்ணீர் பற்றிய அறிவும் அதை ஓடுபவரிடம் கொண்டுசேர்க்கும் ஏற்பாடும். ஓடுபவரின் தாகத்துக்கு யார் பொறுப்பு என்ற கேள்விக்கு வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு விடைகள் கிடைத்தன. ஒவ்வொரு விடைக்கும் ஏற்ப ஓட்டத்தின் வடிவமும் மாறியது. இக்கட்டுரை அந்த மாற்றத்தை அமெரிக்காவின் தென்மேற்கு வறள்நிலத்திலும் மொராக்கோ சகாராவிலும் வைத்துப் பார்க்கிறது.

ஊற்றறிந்த கால்கள்

1680-ஆம் ஆண்டு ஆகஸ்டில் இன்றைய நியூ மெக்சிகோ பகுதியின் புவெப்லோ மக்கள் ஸ்பானிய ஆட்சிக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தார்கள். கிளர்ச்சிக்கான நாளை ஊர் ஊராக அறிவித்தவர்கள் ஓட்டக்காரர்கள். அவர்கள் கையில் இருந்தது முடிச்சிட்ட கயிறு. நாளுக்கொரு முடிச்சை அவிழ்த்துக்கொண்டே வரவேண்டும். கடைசி முடிச்சு அவிழும் நாளில் எல்லா ஊரும் ஒன்றாக எழ வேண்டும். தெசூக்கே ஊரைச் சேர்ந்த கட்டுவா, ஓம்டுவா என்ற இரு இளைஞர்கள் ஸ்பானியரிடம் பிடிபட்டதால் கிளர்ச்சியை முன்கூட்டியே தொடங்க வேண்டியதாயிற்று.

இந்த ஓட்டம் விளையாட்டாகக் கருதப்பட்டதில்லை. செய்தி அனுப்புவதும் வயலுக்குப் போவதும் மழையை வேண்டுவதும் ஓட்டத்தின் வழியாகவே நடந்தன. மேசைபோன்ற குன்றுகளின் மேல் வாழ்ந்த ஹோப்பி மக்களுக்கு வயல்களும் ஊற்றுகளும் கீழே, பல மைல் தள்ளி இருந்தன. அவர்களுடைய சடங்கு ஓட்டங்களும் சமவெளியில் தொடங்கிக் குன்றேறி ஊருக்குள் முடிந்தன; மழைமேகத்தை ஊருக்கு அழைத்து வருவது அவற்றின் நோக்கம். அந்த மரபில் வளர்ந்த லூயிஸ் தெவானிமா 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வென்றார். அமெரிக்க விளையாட்டு வரலாறு அவரை அந்தப் பதக்கத்தோடு நிறுத்திவிடுகிறது. ஊற்று எங்கே, நிழல் எங்கே, எந்த நேரத்தில் புறப்பட வேண்டும் என்ற அறிவைப் பதக்கப் பட்டியலில் எழுத இடமில்லை.

அந்த அறிவு இல்லாத உடலுக்கு என்ன ஆகும் என்பதற்கு 1905-இன் பாப்லோ வலென்சியா சான்று. அரிசோனாவில் தினாஹாஸ் ஆல்டாஸ் என்ற பாறைச் சுனைக்கு அருகே டபிள்யூ. ஜே. மெகீ என்ற அறிவியலாளர் முகாமிட்டிருந்தார். பொன் தேடிப் போன வலென்சியா, ஒரு நாளுக்கே போதும் தண்ணீரோடு ஏறக்குறைய ஏழு நாள் கோடைப் பாலையில் அலைந்து, கடைசியில் தவழ்ந்தே அந்த முகாமை நெருங்கினார். விடியற்காலையில் கேட்ட அலறல் மனிதக் குரலாகவே மெகீக்குத் தோன்றவில்லை. உதடு சுருங்கிப் பல் வெளியே தெரிந்தது. தோலில் வெட்டுக்காயம் இருந்தும் இரத்தம் கசியவில்லை. தண்ணீர் கொடுத்த பிறகே காயங்கள் இரத்தம் விட்டன. மனிதர் பிழைத்துக்கொண்டார். மறு ஆண்டு மெகீ வெளியிட்ட கட்டுரை தாகத்தை ஒரு நோயாகக் கருதி அதன் கட்டங்களை வரிசைப்படுத்தியது. அதன் நடையில் கொஞ்சம் நாடகத்தனம் உண்டு. ஆனாலும் நீரிழப்பை அடையாளங்களோடு, நாள்வாரியாக எழுதி வைத்த முன்னோடி ஆவணம் அது.

அணைக்கட்டும் போர்முனையும்

அடுத்த முன்னேற்றம் ஓட்டக்காரர்களுக்காக நடந்ததில்லை. ஹூவர் அணை கட்டுமானத்தில் 1931 கோடையில் தொழிலாளர் பலர் வெப்பத்தால் மாண்டனர். மறு ஆண்டு ஹார்வர்டின் களைப்பு ஆய்வகத்திலிருந்து டேவிட் புரூஸ் டில் குழுவினர் நெவாடாவின் போல்டர் நகரத்துக்கு வந்து, தொழிலாளர்களின் வியர்வையையும் தங்கள் வியர்வையையும் அளந்தார்கள். வெயிலுக்குப் பழகிய உடலின் வியர்வையில் உப்பு குறைவு என்பதும், பழகாதவர் வெறும் தண்ணீரை மட்டும் குடித்தால் தசைப்பிடிப்பு வருகிறது என்பதும் அங்கே தெளிவாயின. உழைப்பவன் சாகாமல் வேலை வாங்குவதற்கான அறிவியல்தான் இது. இதன் பலன் நாற்பதாண்டு கழித்து, சொந்த விருப்பத்தில் வெயிலுக்குள் இறங்கியவர்களுக்குக் கிடைத்தது.

இரண்டாம் உலகப் போரின்போது ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தின் எட்வர்ட் அடால்ஃப் தலைமையில் கலிஃபோர்னியப் பாலையில் படைவீரர்களை வைத்து நடந்த சோதனைகள் 1947-இல் நூலாக வந்தன. தண்ணீரைக் குறைத்துக் குடித்துப் பழகினால் உடலும் குறைவாகச் செலவழிக்கும் என்ற படைத்துறை நம்பிக்கையை அந்நூல் தகர்த்தது. குடித்தாலும் குடிக்காவிட்டாலும் வியர்வை அதே அளவில்தான் வடியும். கடும் உழைப்பில் மணிக்கு ஒரு லிட்டரைத் தாண்டும். தண்ணீர் கையருகே இருந்தாலும் மனிதர்கள் இழந்ததைவிடக் குறைவாகவே குடிக்கிறார்கள் என்பதையும் அடால்ஃப் கண்டார். சட்டையைக் கழற்றுவது குளிர்ச்சி தராது, வியர்வைச் செலவைக் கூட்டும் என்பதும் அதே ஆய்வில் வந்தது. சகாராவின் துவாரெக் நாடோடிகளுக்கு இதைச் சொல்ல எந்தப் பல்கலைக்கழகமும் தேவைப்பட்டதில்லை.

ஆல் ஆர்னால்டின் மூன்று கோடைகள்

கலிஃபோர்னியாவின் டெத் வேலிப் பாலையில் உள்ள பேட்வாட்டர் பள்ளம் கடல் மட்டத்துக்கு 86 மீட்டர் கீழே கிடக்கிறது. வட அமெரிக்காவின் மிகத் தாழ்ந்த இடம். அருகிலுள்ள ஃபர்னஸ் க்ரீக்கில் 1913 ஜூலை 10 அன்று 56.7 பாகை செல்சியஸ் பதிவானது. அங்கிருந்து சாலை வழியே போய் மலையேறினால், அலாஸ்கா நீங்கலான அமெரிக்க மாநிலங்களில் மிக உயரமான விட்னி சிகரத்தை (4,421 மீட்டர்) அடையலாம். தாழ்ந்த இடத்திலிருந்து உயர்ந்த இடத்துக்கு என்ற இந்த எண்ணம் வரைபடத்தைப் பார்த்தவர்களுக்கு எளிதில் தோன்றக்கூடியது. 1969-இல் இருவர் நடந்தே கடந்தார்கள்; 1973-இல் பேக்ஸ்டன் பீலும் கென் கிரட்ச்லோவும் மாறி மாறித் தொடரோட்டமாக ஓடி முடித்தார்கள்.

தனி ஆளாக ஓடத் துணிந்தவர் ஆல் ஆர்னால்ட். 1974-இல் பதினெட்டாவது மைலிலேயே நீரிழப்பு அவரை வீழ்த்தியது. மறு ஆண்டு ஐம்பதாவது மைலில் முழங்கால் கைவிட்டது. இரண்டு முயற்சிகளுக்கும் நடுவே அவர் சௌனா வெப்ப அறைக்குள் மிதிவண்டிப் பொறியை வைத்து உடலை வெப்பத்துக்குப் பழக்கினார். டில் தொழிலாளர்களிடம் கண்ட வெப்பப் பழக்கம் ஓட்டக்காரரின் பயிற்சித் திட்டமாக மாறியது இங்கேதான் என்பது என் வாசிப்பு. 1977 ஆகஸ்டில், ஐம்பதை நெருங்கிய வயதில், எண்பது மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டு அவர் சிகரத்தைத் தொட்டார். அதன்பின் அந்தப் பாதையில் அவர் ஓடவில்லை. 1981-இல் ஜே பர்மிங்ஹாம் வந்து 75 மணி 34 நிமிடத்தில் முடிக்கும்வரை வேறு யாருக்கும் அது கைகூடவில்லை.

1987-இல் ஐந்து பேர் ஒரே நேரத்தில் புறப்பட்டது முறையான முதல் போட்டி. பிறகு முடிவிடம் சிகரத்திலிருந்து மலையடிவாரமான விட்னி போர்ட்டலுக்கு இறங்கி, தொலைவு 135 மைல் (சுமார் 217 கிலோமீட்டர்) என நிலைபெற்றது. பேட்வாட்டரில் போட்டி நடத்துபவர்கள் வழியில் தண்ணீர்ப் பந்தல் எதுவும் வைப்பதில்லை. ஒவ்வொருவரும் தம் குழுவையும் வண்டியையும் தாமே கொண்டுவர வேண்டும். வண்டி ஒன்றிரண்டு மைல் முன்னால் போய் நிற்கும்; குழுவில் ஒருவர் பனிக்கட்டி நிரப்பிய துணியைக் கழுத்தில் கட்டுவார், இன்னொருவர் செடிக்கு மருந்தடிக்கும் தெளிப்பானால் உடலை நனைப்பார். தாரின் சூட்டுக்குப் பயந்து ஓடுபவர்கள் சாலையோர வெள்ளைக் கோட்டின் மேலேயே காலை வைத்துப் போவார்கள். முடியாமல் வண்டியேறி ஓய்வெடுக்கப் போகிறவர் தம் எண் பொறித்த குச்சியைச் சாலையோரத்தில் நட்டுவிட்டுப் போகவேண்டும்; திரும்பி வந்து அதே குச்சியிலிருந்து தொடரலாம். நரம்பு வழியாக நீர் ஏற்றிக்கொண்டால் மட்டும் மன்னிப்பில்லை, போட்டியை விட்டு வெளியேற்றம்தான்.

சகாராவின் அளவுத் தண்ணீர்

பேட்வாட்டருக்கு நேரெதிரான ஏற்பாடு மொராக்கோவில் உருவானது. 1984-இல் பிரான்ஸைச் சேர்ந்த பத்ரிக் போவர் அல்ஜீரிய சகாராவில் 350 கிலோமீட்டரைத் தனியே, உணவும் தண்ணீரும் முதுகில் சுமந்து, பன்னிரண்டு நாளில் நடந்து கடந்தார். 1986-இல் அவர் தொடங்கிய மாரத்தான் தெ சாப்ல் போட்டிக்கு இருபத்து மூன்று பேர் வந்தார்கள். ஏறக்குறைய 250 கிலோமீட்டர், பல கட்டங்கள். ஒரு வாரத்துக்கான உணவு, உறங்கும் பை, திசைகாட்டி, கண்ணாடி, விசில், பாம்புக்கடி உறிஞ்சி எல்லாம் ஓடுபவர் முதுகில். தண்ணீர் மட்டும் போட்டி நடத்துபவரிடம். ஓடுபவர் சோதனைச் சாவடியில் அட்டையை நீட்டி, துளையிடவைத்து, தமக்குரிய பங்கைப் பெற வேண்டியிருந்தது. புட்டியிலும் அதன் மூடியிலும்கூட அவரது எண் எழுதப்பட்டிருந்தது. மணலில் ஒரு மூடி கிடந்தால் யாருடையது என்று தெரிந்துவிட்டது. தண்டனை நேரக் கணக்கில் வந்தது. பாலைவனத்தில் ரேஷன் கடை என்றால் மிகையாகாது.

இந்த ஏற்பாடு எதை நம்பி நின்றது என்பதை 1994 காட்டியது. இத்தாலியக் காவலரும் நவீன ஐந்திறப் போட்டி வீரருமான மௌரோ ப்ரோஸ்பெரி, நீண்ட கட்டத்தில் மணற்புயலில் வழி தவறினார். புயல் ஓய்ந்தபோது வழிகாட்டும் கொடிகளும் இல்லை, சாவடியும் இல்லை, அதனால் தண்ணீரும் இல்லை. ஆளில்லாத ஒரு முஸ்லிம் புனிதர் அடக்கத்தலத்தில் ஒதுங்கி வௌவால்களைப் பிடித்து அவற்றின் இரத்தத்தைக் குடித்தார். சாவதென்று முடிவெடுத்து மணிக்கட்டை அறுத்தும் நீரிழப்பில் தடித்த இரத்தம் ஓடவில்லை. வலென்சியாவிடம் மெகீ கண்டது இங்கே மறுபடியும் நேர்ந்தது. பிறகு நாடோடிக் குடும்பம் ஒன்று அவரைக் கண்டெடுத்தபோது அவர் அல்ஜீரிய எல்லைக்குள் இருந்தார். சில ஆண்டு கழித்து மீண்டும் அதே போட்டிக்குத் திரும்பி வந்து ஓடினார் என்பதை எப்படி விளக்குவது என்று எனக்குத் தெரியவில்லை.

அந்தப் போட்டியைப் பத்துமுறை வென்ற லஹ்சன் அஹன்சால், ஐந்துமுறை வென்ற அவர் தம்பி முகமது, அவர்களுக்குப்பின் பலமுறை வென்ற ரஷீத் எல் மொராபிதி ஆகியோர் எல்லோரும் மொராக்கோவின் தென்பகுதி மண்ணின் மக்கள். வெளிநாட்டார் பயிற்சியால் பெற முயலும் வெப்பப் பழக்கமும் மணல் நடையும் இவர்களுக்குப் பிறப்பிலிருந்தே வாய்த்தவை. 2006 நவம்பரில் செனகலின் செயின்ட் லூயியில் புறப்பட்டு 111 நாளில் 6,900 கிலோமீட்டருக்கு மேல் சகாராவின் குறுக்கே ஓடிச் செங்கடலை அடைந்த சார்லி எங்கிள், ரே ஸகாப், கெவின் லின் மூவரும்கூட உள்ளூர் வழிகாட்டியையும் வண்டிகளையும் நம்பியே சென்றார்கள். 2021 மே மாதம் சீனாவின் கான்சு மாநில வறள்நிலத்தில் நடந்த நூறு கிலோமீட்டர் போட்டியில் இருபத்தொரு பேர் மாண்டது வெயிலால் அன்று, திடீர்க் குளிர்மழையாலும் காற்றாலும். அங்கும் சிலரைத் தம் குகைக்குள் இழுத்துப்போட்டுக் காப்பாற்றியவர் ஓர் ஆட்டிடையர்.

அதிகத் தண்ணீரின் ஆபத்து

அடால்ஃபின் பாடம் காலப்போக்கில் மறுகோடிக்குப் போனது. முடிந்த மட்டும் குடி என்ற அறிவுரை ஓட்டக்காரர்களிடம் பரவியபோது புதிய நோயாளிகள் தோன்றினார்கள். தென்னாப்பிரிக்காவின் டிம் நோக்ஸும் சகாக்களும் 1985-இல் வெளியிட்ட ஆய்வில், நீண்ட போட்டிகளில் அளவுக்கு மீறிக் குடித்ததால் இரத்தத்தில் சோடியம் தாழ்ந்து, மூளை வீங்கி, நினைவிழந்தவர்கள் இடம்பெற்றார்கள். முதற்பார்வைக்கு நீரிழப்பு போலவே தோன்றும் இந்த நிலையில் மேலும் தண்ணீர் கொடுப்பதே ஆளைக் கொல்லும். மருத்துவ அமைப்புகள் இதை முழுதாக ஏற்க இருபதாண்டுக்கு மேல் ஆயிற்று. குளிர்பானத் தொழிலின் விளம்பரங்களும் அந்தத் தாமதத்தில் பங்கு வகித்தன என்று நோக்ஸ் சொல்லிவந்தார். பாலைவனத்தில் அதிகமாகக் குடித்து மயங்குவது முரண்போலத் தோன்றினாலும், கையருகே பனிப்பெட்டியும் பதறும் குழுவினரும் இருக்கும்போது அது நடக்கக்கூடியதே.

தண்ணீரைப் போலவே புறப்படும் நேரமும் ஓட்டத்தை மாற்றியது. 2014-இல் டெத் வேலி தேசியப் பூங்கா நிர்வாகம் எல்லா விளையாட்டு நிகழ்ச்சிகளையும் நிறுத்திவைத்துப் பாதுகாப்பை மறுஆய்வு செய்தது. பேட்வாட்டர் போட்டி அவ்வாண்டு வேறு பாதையில் நடந்தது. 2015-இல் பழைய பாதைக்குத் திரும்பியபோது புறப்பாடு இரவுக்கு மாறியிருந்தது. 2007-இல் பிரேசிலின் வால்மிர் நூனிஸ் 22 மணி 51 நிமிடத்தில் முடித்தபோது அவர் காலையில் புறப்பட்டு, பள்ளத்தின் நண்பகல் சூட்டை நேராக எதிர்கொண்டவர். 2016-இல் பீட் கோஸ்டெல்னிக்கின் 21 மணி 56 நிமிடம், 2019-இல் ஜப்பானின் இஷிகாவா யோஷிஹிகோவின் 21 மணி 33 நிமிடம், 2023-இல் ஆஷ்லி பால்சனின் 21 மணி 44 நிமிடம் ஆகியவை அனைத்தும் இரவுப் புறப்பாட்டுக்குப் பிறகு வந்தவை. சாதனைப் பட்டியல் இவற்றை ஒரே வரிசையில் அடுக்குகிறது. இரண்டு பட்டியல்களாகப் பிரிப்பதே சரியான வரலாற்று முறை என்று கருதுகிறேன். அப்படிப் பிரித்தால் நூனிஸின் நேரம் இன்னும் முறியடிக்கப்படாமல் நிற்கிறது.