கல்வீடும் வாடியும்

ஆங்கில நாட்டின் பழைய செங்கற் பண்ணைவீடுகளைக் கலைச்செல்வமெனப் போற்றுவோர் பலர். அவை எழுந்த கதையை ஆராய்வோர் சிலரே. 16-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தானிய விலை ஏறிற்று. ஆதாயமடைந்த வசதியுள்ள உழவர் தம் இல்லங்களைப் புதுக்கினர். மரச்சட்டமும் களிமண்ணும் இருந்த இடத்தைப் படிப்படியாகச் செங்கல் பிடித்தது. 1784-இல் அரசு செங்கல்லின் எண்ணிக்கைக்கு வரி விதித்தது. சூளைக்காரர் கல்லைப் பெரிதாக்கினர்! 1850-இல் வரி நீங்கிற்று. பெரிய கற்கள் இன்றும் சுவர்களில் சாட்சி சொல்கின்றன. சுவரும் ஒரு வரலாற்றேடே.

அவ்வேட்டைப் படிக்கும் கண்ணோடு நம் கல்முனைக் கரைக்கு வருவோம். இங்கே ஊர் கடலோர மணலில். வயலோ மேற்கே தாழ்நிலத்தில். எனவே பண்ணைவீடு இரண்டாகப் பிரிந்தது. ஊரிலே நிலவுடைமையாளரான போடியாரின் ஓடு வேய்ந்த கல்வீடு. வயலிலே முல்லைக்காரன் காவலிருக்கும் வாடி. 1855 முதல் 1860 வரை ஆளுநராயிருந்த ஹென்றி வார்டின் காலத்தில் இறக்காமம், அம்பாறைக் குளங்கள் சீர்பெற்றன. பெருகிய நெல் கல்வீடாயிற்று. அதை விளைவித்தவனுக்கு வாடியே எஞ்சிற்று.

ஆனால், கல்வீட்டுக்கு இன்னோர் இயல்புண்டு. அது பெண்ணின் உடைமை. தாய்வழிக் குடிமுறை வேரூன்றிய இக்கரையில், முஸ்லிம்களிடத்தும் தமிழரிடத்தும் வீடு மகளுக்குச் சீதனமாகிறது. மாப்பிள்ளை மனைவியின் வீட்டில் வந்து வாழ்கிறார். இங்கிலாந்தின் மணமான பெண்ணோ தன் சொத்தைத் தானே ஆளும் முழு உரிமைக்கு 1882-ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருந்தாள். இது நமக்குப் பெருமையே. ஆயினும் பெருமையோடு நின்றுவிடலாகாது. மூன்று பெண்மக்களைப் பெற்ற முல்லைக்காரனும் மூன்று வீடு தேடியாக வேண்டுமே! போடியாருக்குச் சீதனம் செல்வத்தின் சின்னம். அவனுக்கோ தீராக் கடன்.

2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை கல்வீட்டையும் குடிசையையும் ஒருங்கே வாரிச்சென்றது. பின்னர் வந்த நிவாரண வீடுகள் பல இடங்களில் 'குடும்பத் தலைவர்' என்ற பெயரால் ஆணுக்கே எழுதப்பட்டன. கடல் கொண்டது சுவரை. காகிதம் கொண்டது உரிமையை.

மாணவ நண்பர்களே! உங்கள் ஊரில் எஞ்சிநிற்கும் கல்வீட்டை அளந்து வரைந்து வையுங்கள். கூடவே இரு வினாக்களையும் எழுப்புங்கள்: இது யார் உழைப்பில் எழுந்தது? இன்று யார் பெயரில் நிற்கிறது?