சோத்துப் பாசலும் லண்டன் சரித்திரமும்

லண்டனைச் சுற்றிப் பார்க்கப் போவதென்றால் எங்கடை சனத்துக்கு ஒரு முறை இருக்கிறது. கனடாவிலிருந்தோ ஊரிலிருந்தோ ஆரும் வந்து நின்றால், முதல்நாள் இரவே குசினியில் வேலை தொடங்கிவிடும். றோல்ஸ், கட்லற், புளிச்சாதம், ஒரு பிளாஸ்க் தேத்தண்ணி, கடதாசிக் கோப்பைகள், கை துடைக்க ஒரு துவாய். பிறகு பக்கிங்ஹாம் மாளிகை, பிக் பென், ட்ரபல்கர் சதுக்கம். மத்தியானம் ஹைட் பார்க் புல்லுக்குள் விரிப்பு. "கடையிலை வாங்கினால் ஒரு ஆளுக்குப் பத்துப் பவுண் போயிடும், தம்பி" என்று என்ரை மாமி சொல்லுவா.

இதைப் பார்த்துச் சிரிக்கிற எங்கடை ஆக்களும் இருக்கினம். நாட்டுப்புறத்தான் வேலையாம். நான் உயர்தரத்தில் வரலாறு படித்தவன். அதற்கு மேலே படிக்க நாட்டு நிலைமை விடவில்லை. இங்கே வந்து பார்க் றோயல் பக்கம் பொதி கட்டுகிற வேலை. இரவு வேலை முடிந்து நித்திரை வராத நாட்களில் நூலகத்துக்குப் போய் இந்த நகரத்தைப் பற்றி வாசித்து வருகிறேன். வாசித்த அளவில், சோத்துப் பாசலோடு லண்டன் பார்க்க வந்த முதல் ஆக்கள் நாங்கள் இல்லை. அதே ஹைட் பார்க்கில் எங்களுக்கு முன்னம் லட்சக்கணக்கான வெள்ளைக்காரத் தொழிலாளர் இருந்து சாப்பிட்டிருக்கிறார்கள்.

அது 1851ஆம் ஆண்டு. மே மாதம் முதல் ஒக்ரோபர் வரை ஹைட் பார்க்கில் கண்ணாடியாலும் இரும்பாலும் ஒரு பெரிய மாளிகை கட்டி உலகக் கண்காட்சி வைத்தார்கள். தொடக்கத்தில் நுழைவுக் கட்டணம் பணக்காரருக்கு மட்டுமே கட்டுப்படியாகும். மே மாதக் கடைசியிலிருந்து கிழமையில் நாலு நாளுக்கு ஒரு சிலிங் என்று குறைத்தார்கள். உடனே பெரிய இடத்து ஆக்களுக்குப் பயம் பிடித்துவிட்டது. கூலிச் சனம் உள்ளே வந்தால் உடைக்கும், களவெடுக்கும், கலகம் செய்யும் என்று பத்திரிகைகளிலும் எழுதினார்கள். ஒன்றும் நடக்கவில்லை. தோமஸ் குக் போன்றவர்கள் ஒழுங்கு செய்த ரெயில்களில் வடக்கு நகரங்களிலிருந்து தொழிலாளர் குடும்பம் குடும்பமாக வந்து, வரிசையில் நின்று பார்த்து, கூடையில் கொண்டுவந்த பாணையும் இறைச்சியையும் இருந்து சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். மொத்தம் 60 லட்சம் வருகைகள். உள்ளே சிற்றுண்டி விற்கும் உரிமை ஸ்வெப்ஸ் கொம்பனிக்குக் கிடைத்தது. மதுபானம் கிடையாது. 9 லட்சத்துக்கு மேற்பட்ட பாத் பணிசுகளும் 10 லட்சத்துக்கு மேற்பட்ட போத்தல் சோடா வகைகளும் விற்றன. ஜோர்ஜ் ஜெனிங்ஸ் என்பவர் அங்கே அமைத்த மலசலகூடத்துக்கு 8 லட்சத்துக்கும் அதிகமானோர் ஒரு பென்னி கொடுத்துப் போனார்கள். (இதை எழுதலாமா என்று யோசித்தேன். பிள்ளைகளோடு வெளியே போகிற எந்தத் தாய்க்கும் இதன் பெறுமதி தெரியும்.)

அந்தக் கண்காட்சியில் மிஞ்சிய காசில்தான் சவுத் கென்சிங்ரனில் காணி வாங்கினார்கள். இன்று நாங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிற விஞ்ஞான நூதனசாலை, இயற்கை வரலாற்று நூதனசாலை, விக்ரோறியா அல்பேட் நூதனசாலை எல்லாம் எழும்பியது அந்தக் காணியில். 2001 டிசம்பர் தொடக்கம் இவற்றுக்கு நுழைவுக் கட்டணமும் இல்லை.

சரி, பார்க்க இடம் கிடைத்தது. இருந்து சாப்பிட இடம்? அந்தக் காலத்து லண்டன் ஏழைகள் பெரும்பாலும் றோட்டில் நின்றுதான் சாப்பிட்டார்கள். ஹென்றி மேஹியூ என்ற பத்திரிகையாளர் இதை விபரமாக எழுதி வைத்திருக்கிறார்: சூடான விலாங்கு, பட்டாணிச் சூப், சுட்ட உருளைக்கிழங்கு, ஆட்டுக்கால். இருந்து சாப்பிடுகிற கடைகள் ஆம்பிளைகளுக்கானவை. மதுச்சாலையில் ஒரு பெண் தனியாகப் போய் இருந்தால் அவளுக்குக் கெட்ட பெயர். 1864இல் ஏ.பி.சி. என்ற பாண் கொம்பனி தேநீர்க்கடை திறந்தபோதுதான் இது கொஞ்சம் மாறத் தொடங்கியது. ஆனால் அதைப் பெரிதாக மாற்றியவர்கள் லயன்ஸ்காரர்கள்.

லயன்ஸின் கதை எனக்கு மிகவும் பிடித்த கதை. ஐரோப்பாவிலிருந்து வந்து கிழக்கு லண்டனில் சுருட்டு வியாபாரம் செய்த யூதக் குடும்பங்கள், சமன், குளுக்ஸ்ரைன் என்று. அவர்களில் மொன்ரேகு குளுக்ஸ்ரைன் என்பவர் வியாபாரத்துக்காக ஊர் ஊராய்க் கண்காட்சிகளுக்குப் போனபோது, ஒரு இடத்திலும் வாயில் வைக்கக்கூடிய தேத்தண்ணி கிடைக்கவில்லை என்று கண்டார். சாப்பாட்டுக்கடை நடத்துவது அந்தக் காலத்தில் மதிப்பில்லாத தொழில் என்றபடியால், தங்கள் பெயரைப் போடாமல் சொந்தக்காரரான ஜோசப் லயன்ஸின் பெயரைப் போட்டார்கள். 1887இல் நியூகாசில் கண்காட்சியில் தொடங்கி, 1894 செப்ரெம்பரில் பிக்கடிலியில் முதல் தேநீர்க்கடை. பிறகு வெள்ளை நிறமும் தங்க எழுத்துமாக 200க்கு மேற்பட்ட கடைகள். துப்புரவான மேசை, எல்லாக் கடையிலும் ஒரே விலை. தட்டச்சு வேலை செய்த பெண்பிள்ளைகள், கடைச் சிப்பந்திகள், பிள்ளையோடு வந்த தாய்மார் எல்லாரும் பயமில்லாமல் இருந்து ஒரு கோப்பை குடிக்கலாம். வாக்குரிமை கேட்டுப் போராடிய பெண்களும் இப்படியான தேநீர்க்கடைகளில்தான் கூடிக் கதைத்தார்கள். 1909இல் கொவென்றி வீதியில் முதல் 'கோணர் ஹவுஸ்' வந்தது. பல மாடி, மாடிக்கு மாடி வேறு சாப்பாடு, வாத்தியக் கோஷ்டி வேறு. சனிக்கிழமை படம் பார்க்க வந்த தொழிலாளி ஒரு மணித்தியாலம் துரை மாதிரி இருந்துவிட்டுப் போகலாம். இன்னொரு புதினம்: அலுவலக வேலைக்கு என்று உலகில் முதல் கணினியைக் கட்டி ஓடவிட்டவர்களும் இந்தத் தேத்தண்ணிக்கடைக்காரர்தான். 1951இல் 'லியோ' என்ற அந்த இயந்திரம் பார்த்த முதல் கணக்கு பாண், கேக் கணக்கு. கடைசிக் கோணர் ஹவுஸ் 1977இலும் கடைசித் தேநீர்க்கடை 1981இலும் மூடப்பட்டன. எங்கடை ஆக்கள் இப்போது வீடு வாங்குகிற கிறீன்போட்டில் அவர்களின் பெரிய தேயிலைத் தொழிற்சாலை இருந்தது. கால்வாய் வழியாகப் படகில் தேயிலை வந்து இறங்குமாம். இன்று அங்கே 'லயன் வே' என்ற தெருப்பெயர் மிச்சம்.

அந்தத் தேயிலை எங்கிருந்து வந்தது? 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் சீனத் தேயிலையை இந்தியத் தேயிலையும் இலங்கைத் தேயிலையும் இந்த நாட்டுச் சந்தையிலிருந்து தள்ளிவிட்டன. விலை இறங்கியது. இறங்கியதற்குக் காரணம் மலையகத்தில் கொழுந்து பறித்த தமிழரின் கூலி. லண்டன் தட்டச்சுப் பெண்ணுக்கு இருந்து குடிக்க ஒரு கதிரை கிடைத்த காலத்தில், கொழுந்து பறித்தவளுக்கு லயத்தில் ஒரு காம்பிராதான். 1948இல் அவளின் பிள்ளைகளின் குடியுரிமையும் பறிபோனது. பிக்கடிலிப் பக்கம் போனால் எனக்கு இந்த நினைப்புத்தான் வரும்.

அடுத்தது மீனும் சிப்ஸும். என்ரை மகளுக்கு ஒன்பது வயது. பள்ளிக்கூடத்தால் நூதனசாலைக்குக் கூட்டிப் போன அன்று, "பிட்டு வேண்டாம் அப்பா, மணக்கும்" என்று பெட்டியைத் திருப்பித் தந்தாள். நான் முன்பு வேலை செய்த ஒரு இடத்திலும் மீன்குழம்பு சூடாக்கக் கூடாது என்று சாப்பாட்டறையில் கடதாசி ஒட்டினார்கள். அதை ஒட்டியவர் வெள்ளிக்கிழமை தவறாமல் மீனும் சிப்ஸும் வாங்கி வருவார். பொரித்த மீன் இந்த நாட்டுக்கு வந்தது ஸ்பெயினிலும் போர்த்துக்கலிலும் இருந்து துரத்தப்பட்ட யூதர்களோடு. ஓய்வுநாளில் அடுப்பு மூட்டக்கூடாது என்றபடியால் முதல்நாளே மாவில் தோய்த்துப் பொரித்து வைத்து, ஆறவிட்டுச் சாப்பிட்டார்கள். அதோடு சிப்ஸைச் சேர்த்து முதலில் விற்றவர் 1860 அளவில் கிழக்கு லண்டனில் கடை வைத்திருந்த ஜோசப் மாலின் என்ற யூதர் என்பார்கள். லங்காஷயர்காரர் அது தங்களூர்க் கடைதான் என்று சண்டைக்கு வருவார்கள். எண்ணெய் மணத்துக்காக மீன் பொரிப்பதைச் சட்டம் 'அருவருப்பான தொழில்' பட்டியலில் வைத்திருந்தது. 1940இல்தான் அதிலிருந்து எடுபட்டது. அதே யுத்த காலத்தில் எல்லாவற்றுக்கும் கூப்பன் வந்தபோதும் மீனுக்கும் சிப்ஸுக்கும் வரவில்லை. சனம் சோர்ந்து போகும் என்று அரசாங்கத்துக்குத் தெரியும். இதை மகளுக்குச் சொன்னேன். அவள் கேட்ட கேள்வி: "அப்ப பிட்டு எப்ப பட்டியலிலை இருந்து எடுபடும்?"

கறிக்கடைகளைப் பற்றி ஒரு வார்த்தை. றீஜன்ற் வீதியில் 1926இல் தொடங்கிய வீராசாமி தமிழன் கடை என்று எங்கடை ஆக்கள் பெருமை பேசுவினம். தொடங்கியவர் எட்வேட் பாமர் என்ற ஆங்கில-இந்தியக் கலப்பு வம்சத்தவர். அதற்கும் முன்னம் 1810இல் ஷேக் தீன் முகமது என்ற பட்னாக்காரர் ஜோர்ஜ் வீதியில் இந்திய உணவுக்கடை வைத்து, இரண்டு வருடத்தில் கடனாளியாகிப் போனார்.

இந்தச் சித்திரை விடுமுறைக்கு எங்கே போவது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லுகிற இடம் பிறிக் லேன். ஆல்ட்கேற் ஈஸ்ற் நிலையத்தில் இறங்கினால் நடைதூரம். ஃபூர்னியே வீதி மூலையில் ஒரு செங்கல் கட்டடம் நிற்கும். 1743இல் பிரெஞ்சுப் புரட்டஸ்தாந்து அகதிகள் கட்டிய தேவாலயம் அது. ஆங்கிலத்தில் அகதிக்கு உள்ள சொல்லே அவர்களோடு வந்த சொல்தான். 1819இல் மெதடிஸ்த தேவாலயம், 1898இல் யூதர்களின் தொழுகைக்கூடம், 1976 தொடக்கம் வங்காளிகளின் பள்ளிவாசல். உள்ளே தொழுகிறார்கள், ஆகவே வெளியே நின்று பார்க்கலாம். பிறகு அதே றோட்டால் வடக்குப் பக்கம் நடந்தால் ராப்பகலாய்த் திறந்திருக்கிற யூத பீகல் கடை வரும். வரிசை நீளமாய் நிற்கும், ஆனால் கெதியாக நகரும். உப்பிட்ட மாட்டிறைச்சி வைத்துத் தருவார்கள். மாடு சாப்பிடாத ஆக்கள் சீஸ் வைத்தது கேட்கலாம். இருக்கக் கதிரை இல்லை, றோட்டில் நின்றுதான் சாப்பிட வேண்டும். பிளாஸ்க் தேத்தண்ணியைக் கொண்டு போங்கோ.