வருகை நீதிபதிகள் (ஃபிஜி)

வேறொரு நாட்டின் குடிமகனாக இருந்தும், சிறு தீவு நாடொன்றின் மேல்நிலை நீதிமன்றத்தில் அமர்வு நடைபெறும் காலத்துக்கு மட்டும் வந்து வழக்குகளை விசாரித்துத் திரும்புபவர் வருகை நீதிபதி எனப்படுவார். 1903 முதல் 1916 வரை சென்னைத் துறைமுகத்திலிருந்து கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறிய தமிழரின் வழித்தோன்றல்கள் வாழும் ஃபிஜியின் மக்கள்தொகை பத்து லட்சத்துக்கும் குறைவு என்பதால், அங்கு மூத்த சட்ட வல்லுநர்களும் இரு தரப்பினரோடும் தொடர்பற்ற நீதிபதிகளும் எளிதில் கிடைப்பதில்லை.

இம்முறையின் வலிமையையும் பலவீனத்தையும் இரண்டே நாட்கள் காட்டின. 2006ஆம் ஆண்டு இராணுவப் புரட்சிக்குப் பின் அமைந்த அரசு சட்டவிரோதமானது என்று, ஆஸ்திரேலியர் மூவர் அடங்கிய மேல்முறையீட்டு அமர்வு 2009 ஏப்ரல் 9 அன்று அஞ்சாமல் தீர்ப்பளித்தது. மறுநாளே குடியரசுத் தலைவர் அரசமைப்பை நீக்கி, நீதிபதிகள் அனைவரையும் பதவியிலிருந்து அகற்றினார். பின்னர் இலங்கை நீதிபதிகள் பலர் அங்கு பணியாற்றினர். இந்திய உச்ச நீதிமன்றத்திலிருந்து ஓய்வுபெற்ற மதன் பி. லோகூர் 2019இல் ஃபிஜி உச்ச நீதிமன்றத்தில் பதவியேற்றார்.

நீதிபதி பயணம் செய்து வருவது தாமிரபரணிக் கரைக்கும் புதிதன்று. 2004 ஜூலை 24 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை திறக்கப்படும்வரை, திருநெல்வேலி வழக்காளர்கள் காகிதக் கட்டுகளோடு அறுநூறு கிலோமீட்டர் கடந்து சென்னைக்குச் செல்ல வேண்டியிருந்தது. இன்று அந்நீதிமன்ற நீதிபதிகள் முறைவைத்து மதுரைக்கு வருகின்றனர். ஆயினும் இவர்களுக்கு ஓய்வு வயதுவரை பதவிப் பாதுகாப்பு உண்டு. ஃபிஜியின் 2013ஆம் ஆண்டு அரசமைப்போ வெளிநாட்டு நீதிபதியின் பதவிக்காலத்தை, மறுநியமனத்துக்கு இடமளித்து, மூன்று ஆண்டுகளுக்கு மேற்படாமல் வரையறுக்கிறது.