சுங்கை பினாங் ஆறும் தரவு அறிவியலும்

சுங்கை பினாங், மலேசியாவின் பினாங்குத் தீவில் ஜார்ஜ்டவுன் நகரின் வழியே ஓடிக் கிழக்குக் கரையில் கடலோடு கலக்கும் ஆறு. கரையோரக் குடியிருப்புப் பகுதிக்கும் இதுவே பெயர். ஆயர் ஈத்தாம், ஆயர் தெர்ஜூன், ஜெலுத்தோங் முதலியவை இதன் கிளையாறுகள். வடிநிலப் பரப்பு ஏறத்தாழ 50 சதுர கிலோமீட்டர். ஆற்றுக்குச் சில கிலோமீட்டர் தெற்கே, மிண்டனில், 1969இல் தொடங்கப்பட்ட மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் இருக்கிறது. அதன் கணினி அறிவியல் பள்ளி தரவு அறிவியலில் முதுகலைப் படிப்பு நடத்துகிறது. 2001இல் உருவான, இதே பல்கலைக்கழகத்தின் ஆற்றுப் பொறியியல், நகர வடிகால் ஆய்வு மையம் பெருநிலப் பகுதியில் நிபோங் திபால் வளாகத்தில் இயங்குகிறது. தரவு அறிவியல் என்றதும் செயற்கை நுண்ணறிவும் அல்காரிதமும்தான் பேச்சாகின்றன. ஆனால் அன்றாட வாழ்வில் அது பயன்படுமா என்பது, கணினிக்கு வெகு முன்னரே, அளவுகோல் நட்ட இடத்திலேயே பாதி முடிவாகிவிடுகிறது. இந்தச் சிற்றாறு அதற்கு நல்ல சான்று.

ஜாலான் பி. ரம்லி போன்ற தாழ்வான தெருக்களில் வெள்ளம் ஏறுவதற்குக் காரணம் மழை மட்டுமன்று. மலைச்சரிவில் கொட்டிய நீர் கீழே வரும் வேளையில் முகத்துவாரத்தில் ஓதம் உயர்ந்திருந்தால், ஆறு வடிய வழியின்றித் தெருவுக்குள் திரும்புகிறது. ஆக, முன்கணிப்புக்கு மூன்று எண்தொடர்கள் வேண்டும்: மழை, நீர்மட்டம், ஓதம். ஓதத்தை நிலவின் போக்கைக்கொண்டு ஆண்டுக்கணக்கில் முன்னதாகவே அட்டவணையிடலாம். நீர்மட்டத்தை டெலிமெட்ரி நிலையங்கள் அனுப்புகின்றன. வடிகால், நீர்ப்பாசனத் துறை அதை இயல்பு, விழிப்பு, எச்சரிக்கை, அபாயம் என நான்கு நிலைகளாக்கி இணையத்தில் வெளியிடுகிறது. தொல்லை கொடுப்பது மழைதான். மலைக்கும் கடலுக்கும் இடையே தொலைவு குறைவு என்பதால், கொட்டிய மழை ஊருக்குள் வர அதிக நேரம் பிடிப்பதில்லை. இங்கே சென்சார் ஒன்று வெள்ள நேரத்தில் பழுதானால் என்ன ஆகும்? ஆண்டு முழுவதற்குமான பதிவில் விட்டுப்போவது சில மணி நேரமே. ஆனால் முன்கணிப்பு மாதிரி கற்றுக்கொள்ள வேண்டியிருந்ததே அந்தச் சில மணி நேரத்தைத்தான். அந்த இடைவெளியைச் சராசரி எண்ணால் நிரப்பும் மாணவர், தாம் அறியாமலே ஒரு வெள்ளத்தைப் பதிவிலிருந்து அழித்துவிடுகிறார்.

நீரின் தரத்தை அளப்பதிலும் இதே நிலைமைதான். மலேசியச் சுற்றுச்சூழல் துறையின் நீர்த்தரக் குறியீடு கரைந்த ஆக்சிஜன், உயிர்வேதி ஆக்சிஜன் தேவை, வேதி ஆக்சிஜன் தேவை, அம்மோனியா நைட்ரஜன், மிதக்கும் திடப்பொருள், அமில காரத்தன்மை ஆகிய ஆறையும் ஒரே எண்ணாகச் சுருக்குகிறது. கரைந்த ஆக்சிஜனுக்கு 0.22, அமில காரத்தன்மைக்கு 0.12 என ஒவ்வொன்றுக்கும் ஓர் எடை உண்டு. 92.7க்கு மேல் போனால் முதல் வகுப்பு, 31க்குக் கீழே இறங்கினால் ஐந்தாம் வகுப்பு. இந்த எடைகள் இயற்கை விதியிலிருந்து பிறந்தவை அல்ல, வல்லுநர்களிடம் கருத்துக் கேட்டு வகுக்கப்பட்டவை. போதாக்குறைக்கு, முகத்துவாரத்தை ஒட்டிய பகுதியில் ஓதம் ஏறும்போது கடல்நீர் கலந்துவிடும். நீர் மாதிரி எடுத்த நேரம் குறிக்கப்படாவிட்டால், ஆறு தூய்மையானதா, கடல் உள்ளே வந்திருந்ததா என்று எந்த அல்காரிதத்தாலும் சொல்ல முடியாது.

இதற்கு எதிராக, கடந்தகாலத்தைப் படித்த மாதிரிக்கு வராத பேரிடர் எப்படித் தெரியும் என்று கேட்கலாம். 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் பினாங்கைத் தாக்கிய பெருமழையில் 7 பேர் உயிரிழந்தனர். அத்தகைய நாள் எந்தக் கணக்குக்கும் எளிதில் அடங்காது. கேள்வி நியாயமானது. ஆனால் அது நீண்ட பதிவு தேவை என்பதற்கான வாதமே ஒழிய, பதிவே வேண்டாம் என்பதற்கானது அன்று. நூறாண்டுக்கு ஒருமுறை வரும் வெள்ளம் என்பதன் பொருள் ஆண்டுதோறும் 1 விழுக்காடு வாய்ப்பு. 30 ஆண்டு வீட்டுக்கடன் கட்டி முடிப்பதற்குள் அது வருவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 26 விழுக்காடு. ஆற்றைத் தூர்வாரி அகலப்படுத்தினால் போதும், ஆய்வு எதற்கு என்போரும் உண்டு. எவ்வளவு அகலம், எவ்வளவு ஆழம் என்பதை முடிவு செய்வதே இந்தக் கணக்குதான். இவற்றைவிட வலுவானது தனியுரிமை பற்றிய கேள்வி. மலேசியாவின் 2010 தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் மத்திய, மாநில அரசுகளைக் கட்டுப்படுத்தாது. ஆற்றின் நீர்மட்டத்தில் யாருடைய அந்தரங்கமும் இல்லை. அதே முறைகளை நோயாளிப் பதிவுக்கோ கைபேசி இருப்பிடத்துக்கோ கொண்டுபோகும்போது பல்கலைக்கழகம் சட்டத்தின் பின்னால் நின்றுகொள்ளாமல் தானே ஒப்புதல் பெறுவதுதான் முறை.

வடிகால், நீர்ப்பாசனத் துறையின் நீர்மட்ட இணையப் பக்கம் எல்லோருக்கும் திறந்தே இருக்கிறது. மழை நாளில் அதைப் பார்க்கும் சுங்கை பினாங்வாசிகள், எண்ணுக்கு அருகில் அச்சாகியிருக்கும் அளவீட்டு நேரத்தையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ள வேண்டும்.