சிவப்பைத் தோண்டியவர்கள்

இழைத்துத் தேய்த்து மட்டஞ்செய்த பலகைக்கு நிறம் கொடுக்க இரண்டு வழிகள் உள்ளன. நிறத்தூளை எண்ணெயிற் குழைத்து மேலே பூசுவது ஒரு வழி. அத்தூள் கரைவதில்லை, மரத்தின் மேற் படிந்து அதன் ரேகைகளை மூடி நிற்கும். நீரிலோ சாராயத்திலோ கரைந்த சாயத்தை மரத்துக்குள் ஊறவிடுவது மற்றைய வழி. அது நாருக்குள் இறங்கும். ரேகைகள் மறையாமல் முன்னிலும் தெளிவாகத் துலங்கும். முன்னதை வண்ணம் என்றும் பின்னதைச் சாயம் என்றும் பிரித்தறிவது மரவேலையிற் கைபழகும் மாணவனுக்கு முதற் பாடம்.

இரண்டாவது பாடம் ஒன்றும் உண்டு. கடுக்காய் அவித்த நீரைப் பலகையில் தடவி உலரவிட்டு, அதன்மேல் இரும்புத் துண்டுகளைக் காடியில் ஊறவைத்தெடுத்த நீரைத் தடவினால், பலகை பார்த்துக்கொண்டிருக்கும்போதே கறுத்துவிடும். கடுக்காய் நீர் கறுப்பன்று. இரும்பு நீரும் அத்துணைக் கறுப்பன்று. இரண்டும் கூடுமிடத்தில் நிறம் பிறந்து நாரைப் பற்றிக்கொள்கிறது. இவ்வாறு நிறத்தை நாருடன் பிணைக்கும் உலோக உப்பை இரசாயன நூலார் நிறமூன்றி என்பர்.

நமது கரையோரச் சாயக்காரர் இவ்விரு பாடங்களையும் பல தலைமுறைகளுக்கு முன்னரே கைப்பழக்கமாக அறிந்திருந்தனர். அவர்கள் நிறமேற்றியது மரத்துக்கன்று, பருத்தித் துணிக்கும் நூலுக்கும். எனினும் தொழிலின் அடிப்படை ஒன்றே. இன்று கடையிற் பொட்டலமாகக் கிடைக்கும் சாயத்தூளின் வரலாற்றைப் பின்னோக்கித் தொடர்வோமாயின், அதன் கிளைகளில் ஒன்று மன்னாரின் மணலிற் சென்று முடியும். அக்கிளையின் நுனியில் ஒரு சிறு செடியும், அதன் வேரைத் தோண்டிய மனிதர்களும் இருக்கின்றனர். செடியைப் பற்றி நூல்கள் பேசுகின்றன. தோண்டியவர்களைப் பற்றி நாம்தான் பேசவேண்டியிருக்கிறது.

மன்னார்த் தீவையும் அதனை அடுத்த பெருநிலக் கரையையும் வரலாற்றாசிரியர்கள் பெரும்பாலும் முத்துக்காகவே நினைவுகூர்வர். அரிப்பிலும் சிலாவத்துறையிலும் நடந்த முத்துக்குளிப்பைக் காண உலகின் பல திசைகளிலிருந்தும் வணிகர் வந்தனர், அதிகாரிகள் வந்தனர், பயணிகள் வந்து எழுதிச் சென்றனர். அதே கரையின் மணலில், எவரும் திரும்பிப் பாராத ஒரு செடி தரையோடு தரையாய்ப் படர்ந்து வளர்ந்தது. சாயவேர் என்றும் இம்பூறல் என்றும் தமிழில் வழங்கும் அச்செடிக்கு ஒல்டென்லாண்டியா அம்பெல்லாட்டா என்பது தாவரவியற் பெயர். வில்லியம் ரொக்ஸ்பரோ 1795 இல் வெளியிட்ட சோழமண்டலக் கரைத் தாவரங்கள் பற்றிய நூலின் முதற்பாகத்தில் இச்செடியின் படமும் விளக்கமும் இடம்பெற்றுள்ளன. அதன் பூ சிறியது, வெண்மையானது. செல்வமெல்லாம் மண்ணுக்குள் இருந்தது. நீண்டு மெலிந்த வேரின் தோலிலே சிவப்புச் சாயம் இருந்தது. உட்தண்டில் நிறம் இல்லை.

இவ்வேர் சோழமண்டலக் கரையிற் பயிரிடவும் பட்டது. பயிரிட்ட வேர் ஓரடி முதல் இரண்டடி வரை நீளும். தானாக முளைத்த காட்டுவேர் அதனிலும் குட்டையானது. ஆனால் காட்டுவேரிலிருந்து நாலிலொரு பங்கு அதிகச் சாயம் கிடைக்கும் என்றும், அச்சாயம் தரத்திலும் மேலானது என்றும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் வணிக நூல்கள் கூறின. மன்னார், யாழ்ப்பாணம், வன்னி ஆகிய பகுதிகளின் கரைமணலில் முளைத்தது இக்காட்டுவேரே. எதிர்க்கரையில் இராமேசுவரத்து வேரும் பெயர்பெற்றிருந்தது.

வேரின் சாயம் வெறும் நீரில் அவித்தவுடன் துணியில் நிலைத்துவிடாது. நல்லெண்ணெயும் சாம்பற்காரமும் கலந்த நீரில் நூலைத் திரும்பத் திரும்பத் தோய்த்து வெயிலில் உலர்த்துவர். கடுக்காய் நீரூட்டிப் படிகாரம் ஏற்றுவர். அதன் பின்னரே சாயவேரோடு சேர்த்துக் காய்ச்சுவர். சித்திரத் துணி எழுதுவோர் இன்னும் நுட்பமான வழியைக் கண்டிருந்தனர். சிவக்கவேண்டிய இடத்தில் படிகார நீராலும், கறுக்கவேண்டிய இடத்தில் இரும்பு நீராலும் எழுதிவிட்டுத் துணி முழுவதையும் வேர்ச்சாயத்தில் அமிழ்த்தினால், ஒரே தாழியிலிருந்து இருவேறு நிறங்கள் எழும். கேர்டூ என்னும் பிரெஞ்சுப் பாதிரியார் 1742 இல் சோழமண்டலக் கரையிலிருந்து எழுதிய கடிதத்தில் இத்தொழிலின் படிமுறைகளை விரிவாக விளக்கி ஐரோப்பாவுக்கு அனுப்பினார். சமயம் பரப்ப வந்தவரும் தொழில் இரகசியத்தைக் கற்று அனுப்பினார் என்பது அக்காலத்தின் இயல்பை உணர்த்தும்.

ஐரோப்பா அவ்விரகசியத்துக்காக ஏங்கியதற்குக் காரணம் இருந்தது. துவைக்கத் துவைக்க வெளிறாத நிறமுடைய இந்தியத் துணி அங்குள்ள நெசவுத் தொழிலை ஆட்டங்காணச் செய்தது. பிரான்சு 1686 இல் அத்துணியைத் தடைசெய்தது. இங்கிலாந்து 1700 இலும் 1721 இலும் சட்டங்கள் இயற்றியது. பாரிசிலும் லண்டனிலும் அரசாங்கங்கள் அஞ்சிய அந்தச் சிவப்பின் மூலப்பொருளை, கடப்பாரையோடு மணலிற் குனிந்து நின்றவர்கள் எடுத்துக் கொடுத்தனர்.

அவர்கள் எந்த நிலையில் நின்று அதனை எடுத்தனர் என்பதை நோக்குவோம். 1560 இல் போர்த்துக்கேயர் வசமான மன்னாரை 1658 இல் ஒல்லாந்தர் கைப்பற்றினர். கறுவாவையும் யானையையும் முத்தையும் போலவே சாயவேரும் கும்பனியின் தனியுரிமைப் பொருளாயிற்று. 1697 இல் யாழ்ப்பாணத்துக் கொமாண்டர் ஹென்ட்ரிக் ஸ்வார்டக்ரூன் எழுதிவைத்த நிர்வாகக் குறிப்பேடு, சாயவேரையும் அப்பகுதியின் வருவாய் இனங்களுள் ஒன்றாகக் கருதி ஆராய்கிறது. 1795 இல் ஆங்கிலேயர் வந்தனர். கொடி மாறியது, ஏற்பாடு மாறவில்லை.

இலங்கை அரசாங்கத்திற் பணிபுரிந்த அந்தோனி பெர்ட்டோலாச்சி 1817 இல் இந்நாட்டின் விவசாய, வாணிப, நிதி நிலைமைகள் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். சாயவேர் வாணிபத்தின் கணக்கு அந்நூல் வழியாகவே பிற்கால வணிக அகராதிகளுக்கும் சென்றது. அக்கணக்கு இது: குறிப்பிட்ட ஒரு கூட்டத்தார் மட்டுமே வேரைத் தோண்டலாம், தோண்டிய வேர் முழுவதையும் அரசாங்கமே வாங்கும், ஒரு கண்டி எடைக்கு 75 அல்லது 80 றிக்ஸ்டொலர், அதாவது நம்மவர் இறைசால் என்ற நாணயம், தோண்டியோருக்குக் கொடுக்கப்படும், ஏற்றுமதிக்காக அதே ஒரு கண்டி ஏறத்தாழ 175 றிக்ஸ்டொலருக்கு விற்கப்படும்.

தோண்டியவனுக்குக் கிடைத்தது விலையிற் பாதிக்கும் குறைவு. சேகரிப்புக்கும் கிடங்குக்கும் ஏற்றிறக்கத்துக்கும் ஒரு பகுதி சென்றிருக்கும் என்று கொண்டாலும், எஞ்சியது சிறு தொகையன்று. வேறு எவருக்கும் விற்க முடியாதவனுக்கு விலைபேசும் வாய்ப்பும் இல்லை. வாங்குபவனே விலையை வகுத்தான். சட்டம் செய்தவனும் அவனே.

‘குறிப்பிட்ட ஒரு கூட்டத்தார் மட்டுமே தோண்டலாம்’ என்ற சொற்றொடரை மேலெழுந்தவாரியாகப் படிப்போர் அதனை ஒரு சலுகையென எண்ணக்கூடும். ஒருவன் பிறந்த சாதிக்கு ஏற்ப அவனிடம் ஊழியம் பெறுவது இந்நாட்டு நிலமானிய முறையின் வழக்கம். அன்னியர் அதனை அழிக்கவில்லை. அடுக்கடுக்காக ஏற்கெனவே பிரித்துவைக்கப்பட்ட மனிதர்களைக் கண்டு, அப்பிரிவையே தமது கணக்கேட்டின் பத்திகளாக்கிக்கொண்டனர். தனியுரிமை வாணிபத்துக்குச் சாதியைப்போல வசதியான கருவி வேறில்லை. தொழிலாளி தேடி அலையவேண்டியதில்லை. அவன் மகனும் நாளை அதே வேலைக்கு வருவான். உள்ளூர் மேன்மக்களின் பெருமிதமும் கும்பனியின் இலாபமும் இந்த இடத்திற் கைகோத்து நின்றன என்பதை மறைத்துவிட்டு, பழியனைத்தையும் கப்பலில் வந்தவன்மேற் போடுவது வரலாறாகாது.

இன்னொன்றும் கவனிக்கத் தக்கது. வேர் தானாக முளைப்பதே அதன் சிறப்பெனக் கண்டோம். அச்சிறப்பே தோண்டியவனுக்குத் தீங்காயிற்று. பயிரிட்ட வேராயின், பயிரிட்டவனுக்கு ஒரு துண்டு நிலமேனும் வேண்டும். விதைத்தேன் என்ற உரிமைக்குரலேனும் எழும். காட்டுவேருக்கு அது இல்லை. மணல் அரசனுடையது, மணலில் முளைத்ததும் அரசனுடையது. தோண்டியவனுக்கு உரியது கடப்பாரையும் முதுகும்தான். மேலும், வேரைப் பிடுங்கினால் செடி அங்கேயே முடிந்துவிடும். இன்று தோண்டிய இடத்தில் நாளை வேலையில்லை; நிறைக்கவேண்டிய எடைக்காக இன்னும் தொலைவு நடக்கவேண்டும்.

1832 இல், கோல்புறூக் ஆணைக்குழுவின் விசாரணையைத் தொடர்ந்து, சாதிவழிக் கட்டாய ஊழியமான இராஜகாரியம் ஒழிக்கப்பட்டது. 1844 இல் இலங்கையில் அடிமைமுறையும் சட்டப்படி முடிவுற்றது. இவை இரண்டும் மக்கள் வரலாற்றில் முக்கியமான படிகள். இவற்றைச் சிறுமைப்படுத்துவது அறிவுடைமையன்று. ஆனால் கட்டாயத்தை நீக்கிய ஆணை நிலத்தைப் பங்கிடவில்லை. இரண்டு ஆணைகளுக்கும் இடையே, 1840 இல் வந்த முடிக்குரிய காணிச் சட்டம், உரிமை நிறுவப்படாத தரிசும் காடும் அரசுக்கே உரியவை என்றது. வேர் முளைத்த மணல் தோண்டியவனுக்கு அன்றும் உரியதாகவில்லை. அவனுக்குக் கிடைத்த சுதந்திரம், வேறு கூலி தேடிப் போகும் சுதந்திரம்.

அந்நாளில் வேருக்கே காலம் முடிந்துகொண்டிருந்தது. சாயவேரை இங்கிலாந்துக்கு அனுப்பிப் பார்த்தனர், வெற்றி கிட்டவில்லை. சாயம் தோலில் மட்டுமே இருப்பதால் கப்பலின் கொள்ளளவைப் பயனற்ற தண்டே நிறைத்தது. கப்பற் கூலி விலையை விழுங்கியது. இந்த வேர் தரும் நிறத்தையெல்லாம் ஐரோப்பிய மஞ்சிட்டி வேர் இதனினும் மலிவாகத் தரும் என்று சாய ஆராய்ச்சியாளர் எட்வர்ட் பாங்கிரொவ்ற் கருதினார். பின்னர் ஸ்கொட்லாந்தின் லீவன் பள்ளத்தாக்கு ஆலைகள் ‘துருக்கிச் சிவப்பு’ ஏற்றிய துணியை இந்தியச் சந்தைக்கே அனுப்பலாயின.

இறுதி அடி ஆய்வுகூடத்திலிருந்து விழுந்தது. மஞ்சிட்டியின் செந்நிறப் பொருளான அலிசரினை ரொபிக்கே, கொலின் என்ற பிரெஞ்சு இரசாயனர் 1826 இற் பிரித்தெடுத்தனர். மன்னார் வேரின் தோலில் இருப்பதும் அதே அலிசரின்தான். 1868 இல் கிரேபே, லீபர்மான் என்ற ஜெர்மானியர் இருவர் அதனைக் கரித்தாரிற் கிடைக்கும் அந்திரசீனிலிருந்து செயற்கையாக ஆக்கினர். விலைமலிந்த செய்முறை ஒன்றுக்கு 1869 ஜூன் 25 ஆம் நாள் ஜெர்மானியர் லண்டனிற் காப்புரிமை கோரினர். ஆங்கிலேயரான பேர்க்கின் மறுநாள் தமது விண்ணப்பத்தைக் கொடுத்தார். ஒரு நாள் இடைவெளியில் இரு நாடுகளின் முதலாளிகள் சிவப்பைப் பங்கிட்டுக்கொண்டனர். சில ஆண்டுகளுக்குள் தென் பிரான்சின் மஞ்சிட்டித் தோட்டங்கள் பாழாயின. மஞ்சிட்டி விவசாயத்தை ஊக்க 1829 இற் சிவப்புக் காற்சட்டை அணியத் தொடங்கிய பிரெஞ்சுப் படைவீரன், 1914 இல் ஜெர்மனியை எதிர்த்துப் போருக்குச் சென்றபோது அவன் காற்சட்டையின் நிறம் ஜெர்மானியச் சாயத்தின் நிறமாக இருந்தது. மதுரைச் சாயக்காரரும் நூற்றாண்டு முடிவதற்குள் வேரை விட்டு அலிசரினுக்கு மாறினர். மரச்சாயப் பொட்டலம் இதே கரித்தார்ச் சாயக் குடும்பத்திற் பிறந்ததே.

இதனைக் கண்டு விஞ்ஞானத்தை நொந்துகொள்வோர் உளர். இயற்கைச் சாயத்தின் இழந்த பொற்காலத்தைப் பாடுவோரும் உளர். ‘இயற்கைச் சாயம்’ என்ற சீட்டோடு கூடிய ஆடைகளுக்கு இன்று நகரங்களில் நல்ல விலை உண்டு; சாயவேரையும் சிலர் மீண்டும் தேடுகின்றனர். கைத்தொழில் அறிவு அழியாது காக்கப்படவேண்டியதே. ஆனால் மன்னாரின் மணலில் அப்பொற்காலத்தைத் தேடுவோர்க்குக் கிடைப்பது, 75 இறைசாலுக்கு வாங்கி 175 க்கு விற்ற கிடங்கு. அந்திரசீன் ஒருவனது முதுகை நிமிர்த்தியதாயின் அதற்கு நாம் நன்றி கூறலாம். நிமிர்ந்த முதுகுக்கு வேலையும் நிலமும் கொடுக்க வேண்டியது ஆய்வுகூடத்தின் கடமையன்று, சமுதாயத்தின் கடமை. அக்கடமை செய்யப்படவில்லை என்பதே குறை.

இவையெல்லாம் பழங்கதை என்று ஏட்டை மூடிவிடவும் இயலாது. மன்னாரின் மணலில் நிறம் தேடுவோர் இப்போது மீண்டும் வந்துள்ளனர். இம்முறை தேடப்படுவது வெள்ளை. தீவின் மணலில் உள்ள இல்மனைட் என்னும் கனிமத்துக்காக ஆஸ்திரேலிய நிறுவனம் ஒன்று பல ஆண்டுகளாக ஆய்வு நடத்தியுள்ளது. இல்மனைட்டிலிருந்து பெறும் தைத்தேனியம் ஈரொட்சைட்டு உலகெங்கும் வெள்ளை வண்ணத்துக்கு மூலப்பொருள். சுவரிலும் கதவிலும் மேசையிலும் பூசப்படுவது அதுவே. சாயம் போல அது கரைந்து உள்ளே இறங்குவதில்லை. மேலே படிந்து கீழே உள்ளதை மறைக்கும்.

மன்னார்த் தீவு கடல்மட்டத்திலிருந்து சில மீட்டரே உயர்ந்தது. அங்குள்ள நன்னீர், மணலுக்கடியில் உப்புநீரின் மேல் மெல்லிய படையாக நிற்கிறது. மணலைத் தோண்டினால் கிணறு என்னாகும் என்று பேசாலையிலும் தலைமன்னாரிலும் மக்கள் கேட்கின்றனர். 2025 இல் காற்றாலை விரிவாக்கத்தையும் கனிம மணல் அகழ்வையும் எதிர்த்து அவர்கள் வீதிக்கு வந்தனர். வேர் தோண்டியவர்களுக்கும் இவர்களுக்கும் இடையே ஒரு வேறுபாடு உண்டு. அவர்களின் கேள்வியைப் பதிவுசெய்ய எவரும் இருக்கவில்லை. இவர்களின் கேள்வி நம் காதில் விழுகிறது.

பள்ளிக்கூடத்து மரவேலை வகுப்பில் ஒரு மாணவன் பலகைக்கு நிறமேற்றும்போது, எத்தனை பங்கு நீருக்கு எத்தனை பங்கு தூள் என்று ஆசிரியர் கற்பிக்கிறார். இந்த நிறத்தை எந்த மண்ணிலிருந்து, யார், என்ன கூலிக்கு எடுத்தனர் என்பதையும் அதே வகுப்பிற் கற்பிக்கலாம். வரலாற்றுப் பாடத்துக்கென்று தனி மணி அடிக்கவேண்டியதில்லை.